டிரிப்ஸ் இன்னும் எத்தனை நாள்?

சிறுநீர்த் தொற்றுக்கு இரண்டு வாரம் ஊசி என்பது பழைய கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு ஏழு நாள் போதும் என்கின்றன ஆய்வுகள். ஆனால் மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட இந்தியாவில் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

சயான் ஆஸ்பத்திரியின் பொது வார்டானாலும் சரி, செம்பூரில் பத்துக் கட்டில் போட்ட நர்சிங் ஹோமானாலும் சரி, சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டவர் காய்ச்சல் விட்ட மறுநாள் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், டிரிப்ஸ் இன்னும் எத்தனை நாள்?" பதில் ஓர் எண்ணாக வரும். ஏழு. பத்து. சில சமயம் பதினான்கு.

அந்த எண்ணில் ஒரு குடும்பத்தின் வரவு செலவு அடங்கியிருக்கிறது. தாராவியின் தோல் பட்டறையில் வேலை செய்பவருக்குக் கட்டிலில் ஒரு நாள் என்றால் கூலியில் ஒரு நாள் போயிற்று. நெருளில் குடியிருந்துகொண்டு மாதுங்காவில் படுத்திருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் மகளுக்கு அது குர்லாவில் இன்னொரு முறை வண்டி மாறும் அலைச்சல். மருந்துக்கும் கட்டிலுக்கும் ஏறும் பில் தனி. ஆகவே இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு நோயாளிக்கு எல்லா நியாயமும் உண்டு.

முதலில் ஒரு பாகுபாடு. சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும் தொற்று ஒரு வகை. எரிச்சல், அடிக்கடி சிறுநீர், அடிவயிற்றில் வலி என்று தொல்லை கொடுக்கும், காய்ச்சல் இராது. பெரும்பாலும் இதற்கு டிரிப்ஸே வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை ஐந்து நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் பொடி மூன்று கிராம் ஒரே வேளை தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குவது இரண்டாவது வகை. குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்குதல். ஊசியும் டிரிப்ஸும் இங்கேதான் வருகின்றன. எத்தனை நாள் என்ற கேள்வியும் இங்கேதான்.

ஆறு வாரம், இரண்டு வாரம், ஒரு வாரம்

சிறுநீரகத் தொற்றுக்கு ஒரு காலத்தில் ஆறு வாரம்கூட மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரத்தையும் இரண்டு வாரத்தையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. இரண்டு வாரமே போதும் என்று அது காட்டியது. அதன் பிறகு 14 நாள் என்பது வேதவாக்கானது.

அந்த வேதவாக்கை அசைத்தது சுவீடன். சிறுநீரகத் தொற்று கண்ட பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு ஏழு நாளும் மற்றதற்கு 14 நாளும் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். 2012இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: ஏழு நாள் அணியில் குணமானவர்கள் 97 சதவீதம், 14 நாள் அணியில் 96.

'அது சாதாரணத் தொற்று. கிருமி ரத்தத்திலும் கலந்துவிட்டால்?' என்ற கேள்வி மிஞ்சியது. இதற்கும் பதில் வந்துவிட்டது. ரத்தத்தில் கிராம் நெகட்டிவ் வகைக் கிருமி கலந்த 604 நோயாளிகளிடம் இஸ்ரேலிலும் இத்தாலியிலும் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்குத் தொற்று சிறுநீர்ப்பாதையிலிருந்து வந்தது. ஏழு நாளுக்கும் 14 நாளுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. 2024 நவம்பரில் வெளியான 'பேலன்ஸ்' ஆய்வு இன்னும் பெரிது. ஏழு நாடுகள், 74 மருத்துவமனைகள், 3,608 நோயாளிகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஏழு நாள் சிகிச்சையில் 14.5 சதவீதம், 14 நாள் சிகிச்சையில் 16.1. இரண்டாவது வாரம் யாரையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை.

இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2025இல் புதிய நெறிமுறை வெளியிட்டது. சிக்கலான சிறுநீர்த் தொற்றாயினும் நோயாளி தேறி வருகிறார் என்றால் பொதுவாக ஏழு நாள். ரத்தத்தில் கிருமி இருந்தாலும் அதே கணக்கு.

அப்படியானால் ஏழும் 14ம் எங்கிருந்து வந்தன? அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் பிராட் ஸ்பெல்பெர்க் 2016இல் இதை வேடிக்கையாகச் சுட்டிக்காட்டினார். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் வாரத்துக்கு ஏழு நாள் என்று வகுத்துவைத்தான். அவன் நான்கு நாள் என்று வைத்திருந்தால் டாக்டர்களும் நான்கு, எட்டு என்றே எழுதியிருப்பார்கள் என்பது அந்தக் கேலியின் சாரம். கிருமிக்குக் காலண்டர் தெரியாது.

ஊசி எப்போது மாத்திரையாகலாம்?

ஏழு நாள் என்பது மொத்த மருந்தின் கணக்கு. ஏழு நாளும் நரம்பில்தான் ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'ஊசிதான் பவர்' என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லும் பேட்டைகள் மும்பையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. உண்மையில் ஊசியின் அனுகூலம் இரண்டுதான். வாந்தி எடுப்பவருக்கும் உடனடியாக மருந்து போய்ச் சேரும். ரத்த அழுத்தம் இறங்கிய அவசர நிலையில் குடலை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு நெருக்கடியும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும்.

அதற்குள் ஆய்வுக்கூடத்திலிருந்து கல்ச்சர் ரிப்போர்ட்டும் வந்துவிடும். சிறுநீரிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். ஆக மூன்றாம் நாள்தான் முடிவெடுக்கும் நாள். காய்ச்சல் இறங்கியிருக்கிறதா, ரத்த அழுத்தம் சீராக இருக்கிறதா, சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா, ரிப்போர்ட்டில் வேலை செய்யும் மாத்திரை ஒன்றாவது இருக்கிறதா? நான்குக்கும் 'ஆம்' என்றால் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இது முன்பே நிரூபணமானது. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்த இரண்டு வயதுக்குட்பட்ட 306 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. முதல் நாளிலிருந்தே வாய்வழி செஃபிக்சிம் சாப்பிட்ட குழந்தைகளும், முதலில் ஊசி போட்டுப் பிறகு மருந்து குடித்த குழந்தைகளும் ஒரே மாதிரி தேறின. விதிவிலக்கு, பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுக்கள். அவர்களுக்கு ஊசியில்தான் தொடங்குவார்கள்.

மாத்திரைக்கு அடங்காத கிருமி

இதுவரை படித்தவர் 'பின் ஏன் இங்கே இன்னும் டிரிப்ஸ் இழுத்துக்கொண்டே போகிறது?' என்று கேட்கலாம். பழக்கம் ஒரு காரணம். ஆனால் அதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. மேலே சொன்ன நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு இந்தியாவில் அடிக்கடி 'இல்லை' என்று பதில் வருகிறது.

சுவீடன் பெண்களைக் குணப்படுத்திய சிப்ரோஃப்ளாக்சசினை எடுத்துக்கொள்வோம். நம் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு மசிவதில்லை. செஃபிக்சிமையும் செஃப்ட்ரையாக்சோனையும் உடைத்துப்போடும் ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியை உற்பத்தி செய்யும் கிருமிகள் சர்வசாதாரணம். அவற்றுக்கு மிஞ்சுவது மெரோபெனம், எர்டாபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளும் அமிகாசினும். எல்லாமே ஊசி. நோயாளி மூன்றாம் நாளே எழுந்து நடந்தாலும், வீட்டுக்கு எடுத்துப்போக மாத்திரை இல்லை என்பதால் டிரிப்ஸ் தொடர்கிறது.

அந்தக் கார்பபெனமும் கைநழுவி வருகிறது. அந்தக் கதையே ஒரு சிறுநீர் மாதிரியில்தான் தொடங்கியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன் நாட்டவர் ஒருவர் டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு நாடு திரும்பினார். 2008 ஜனவரியில் அவருடைய சிறுநீரில் கார்பபெனத்துக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா கிருமி கிடைத்தது. அதில் இருந்த புதிய நொதிக்கு 'நியூடெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்', சுருக்கமாக என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள்.

அடுத்த அத்தியாயம் மும்பையில். தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாஹிமில் இருக்கும் ஹிந்துஜா மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2010 மார்ச்சில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கார்பபெனத்துக்கு அடங்காத 24 கிருமிகளைச் சோதித்ததில் 22இல் என்.டி.எம்-1 இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட 'லான்செட்' குழும இதழ்க் கட்டுரை, சென்னையில் 44 கிருமிகளிலும் ஹரியானாவில் 26இலும் பிரிட்டனில் 37இலும் அது இருப்பதைச் சொன்னது. பெயரில் 'டெல்லி' இருப்பதைப் பற்றி நாடாளுமன்றம் வரை கோபம் கிளம்பியது. கிருமி அதைப் பொருட்படுத்தவில்லை. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த ஈ.கோலை கிருமிகளில் இமிபெனம் என்ற கார்பபெனத்துக்கு அடங்கியவை 2016இல் சுமார் 86 சதவீதம். 2021இல் அது 65 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் நாள் கணக்கு மருத்துவக் கேள்வி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. சிறுநீர்ப்பாதையைத் தாக்கும் ஈ.கோலை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலில் குடியிருப்பதுதான். ஆன்டிபயாடிக் சிறுநீரகத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புவதில்லை. குடலில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளையும் தொடுகிறது. மருந்துக்குச் சாகிறவை சாகின்றன; தாக்குப்பிடித்தவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு நாள் மருந்தும், அடுத்த தொற்றைத் தரப்போகும் கிருமிக்கு நடத்தும் பயிற்சி வகுப்பு. இன்று ஒருவருக்கு மாத்திரை கிடைக்காமல் போவதற்கு, முன்னால் அவரோ பக்கத்து வீட்டுக்காரரோ சாப்பிட்ட தேவையற்ற மாத்திரைகளும் ஒரு காரணம்.

மாத்திரை இல்லையென்றாலும் ஏழு நாள் கணக்கு செல்லும். ஊசி மட்டுமே வழி என்றால் ஏழு நாள் ஊசி. அதற்காகப் பதினான்காக வேண்டியதில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும்: கிருமியைக் கொல்லும் மருந்து உடம்பில் ஏறிய நாள்தான் முதல் நாள். முதல் மூன்று நாள் கொடுத்த மருந்து ரிப்போர்ட்டில் வேலை செய்யாத பட்டியலில் இருந்து, பிறகு மாற்றினார்கள் என்றால், மாற்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

புதிய மருந்துகளும் இதே கணக்கில்தான் சோதிக்கப்படுகின்றன. சென்னையில் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், ஈ.எஸ்.பி.எல். நொதியை முடக்கும் மருந்து. செஃபெபிமுடன் சேர்த்து 1,041 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. சிக்கலான சிறுநீர்த் தொற்றில் 79.1 சதவீதம் வெற்றி. ஒப்பிட்ட பழைய மருந்துக்கு 58.9. வழக்கமான சிகிச்சைக் காலம் ஏழு நாள். ரத்தத்தில் கிருமி இருந்தவர்களுக்கு மட்டும் 14 நாள் வரை அனுமதித்தார்கள். 2024இல் அமெரிக்காவும் இந்தியாவும் இதற்கு அனுமதி கொடுத்தன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இதுவும் ஊசிதான், இதுவும் தேய்ந்துபோகக்கூடிய ஆயுதம்தான்.

ஏழு நாள் யாருக்குப் போதாது?

எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது. ஆண்களுக்குக் காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்தால் பிராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம். பிரான்சில் அத்தகைய ஆண்களிடம் ஓஃப்ளாக்சசின் கொடுத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. ஏழு நாள் மருந்தில் வெற்றி 55.7 சதவீதம், 14 நாளில் 77.6. அதாவது இவர்களுக்கு இரண்டாவது வாரம் தேவை. காய்ச்சல் இல்லாத ஆண்களுக்கு ஏழு நாளே போதும் என்று 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரகத் தொற்று என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசியில் தொடங்குவார்கள். காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் கழிந்ததும் மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் 14 நாள் கொடுப்பது வழக்கம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி உள்ளவர்கள், ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி கண்டவர்கள் ஆகியோருக்கும் கணக்கு வேறு.

கல் அடைத்துக்கொண்டிருக்கும் நோயாளி இன்னொரு வகை. அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும்போது எத்தனை நாள் டிரிப்ஸ் ஏற்றினாலும் பலன் குறைவு. ஸ்டென்ட் வைத்தோ குழாய் போட்டோ வடித்துவிட்டால்தான் மருந்துக்கு வேலை. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்திலேயே வாயு உண்டாக்கும் கடும் தொற்று வருவதுண்டு. மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மருந்தை நீட்டுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கட்டிலின் விலை

நீண்ட டிரிப்ஸ் இலவசமாக வருவதில்லை. கையில் குத்திய ஊசிக்குழாயே புண்ணாகி, அதன் வழியே வேறு கிருமி நுழையலாம். அமிகாசின் நாள் நீள நீளக் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். வார்டில் கூடுதலாகப் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆஸ்பத்திரிக் கிருமிகளோடு சகவாசம்.

படுக்கை தேவையில்லாமலே ஊசி போட்டுக்கொள்ளவும் வழி உண்டு. மெரோபெனம் எட்டு மணிக்கொரு தடவை ஏற்ற வேண்டியது. எர்டாபெனமோ நாளைக்கு ஒரு தடவை, அரை மணி நேரம். தேறிவிட்ட நோயாளி காலையில் பக்கத்து நர்சிங் ஹோமில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகலாம். குறுக்கே நிற்பது பல சமயம் மெடிக்ளைம். வெளிநோயாளியாக ஊசி போட்டால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. 24 மணி நேரமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. நோய் விட்டாலும் பாலிசி விடாமல் கட்டிலில் படுக்கவைக்கிறது. பாலிசியே இல்லாத தாராவிக்காரரோ எதிர்த்திசையில் தவறுகிறார்: காய்ச்சல் விட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். பிறகு மருந்துக்கடையில் தெரிந்தவரிடம் நான்கு மாத்திரை. செஃபலோஸ்போரின் புதிய ரகங்களையும் கார்பபெனத்தையும் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 முதல் 'எச்-1' விதி அமலில் இருந்தும் இது நடக்கிறது.

'குறைந்த நாள் போதும்' என்பதை 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்று எடுத்துக்கொள்வது பெரிய ஆபத்து. ஏழு நாள் என்று சொன்னால் ஏழு நாள். அதைக் குறைப்பதும் கூட்டுவதும் நோயாளியைப் பரிசோதித்த டாக்டரின் வேலை.

கேட்க வேண்டிய ஐந்து

மருத்துவமனையில் ரிப்போர்ட் ஆங்கிலத்தில், பேச்சு மராத்தியிலோ ஹிந்தியிலோ. தமிழ்க் குடும்பம் தலையாட்டிவிட்டு வருவது இயல்பு. இந்த ஐந்து கேள்விகளையாவது கேட்டுவிடுங்கள்.

முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார்களா? மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று போட்ட மாத்திரை ஏதாவது இருக்கிறதா? 'எஸ்' என்றால் கிருமி அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. பக்கத்தில் இருக்கும் எண்களைப் பார்த்து எது 'பவர்' என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மூன்றாம் நாள் மாத்திரைக்கு மாற முடியுமா? முடியாதென்றால் காரணம் என்ன?

கல், அடைப்பு, சீழ், பிராஸ்டேட் என்று ஏதாவது இருக்கிறதா?

எந்தத் தேதியோடு மருந்து முடிகிறது? அந்தத் தேதி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து தெம்பாக நடமாடும்போது, 'எதற்கும் இருக்கட்டும்' என்று மறுபடி சிறுநீரைக் கல்ச்சர் பண்ண வேண்டாம். எந்த உபாதையும் இல்லாதவரின் சிறுநீரில் கிருமி தென்பட்டால், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதையில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களையும் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. நீரிழிவுக்காரர்களுக்கும் இதேதான். அந்த ஒரு காகிதத்தை வைத்துத் தொடங்கும் அடுத்த சுற்று ஆன்டிபயாடிக்தான் பலருக்கு மாத்திரைகளின் கதவை மூடிவிடுகிறது.

தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் தாராவியில் மட்டுமா இருக்கிறார்கள்? சிறுநீர் கழிக்கும் உரிமைக்காக மும்பைப் பெண்கள் 2011இல் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. நகராட்சி ஒழுங்காகக் கட்டித்தரும் ஒரு கழிப்பறை, எத்தனையோ டிரிப்ஸ் பாட்டில்களை மிச்சப்படுத்தும்.

ஆறு வாரத்தை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்க மருத்துவ உலகத்துக்கு 40 ஆண்டு பிடித்திருக்கிறது. மிச்சமாகும் அந்த ஒரு வாரத்தில் நோயாளிக்குக் கூலி மிஞ்சும், நரம்பு மிஞ்சும். கவனமாக இருந்தால், அவருக்கு அடுத்து அதே கட்டிலில் வந்து படுப்பவருக்கு வேலை செய்யும் ஒரு மருந்தும் மிஞ்சும்.